நடுப்பகல் பள்ளம்

டிக்சன் பொய் சொல்கிறான் என்பதில் பேராசிரியர் ஜெயச்சந்திரனுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

காற்றாலை ஒன்றின் மாதிரியை டிக்சன் சொந்தமாக எழுதி, மின்வலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரோடு இணைத்திருந்தான். ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் அளந்ததாகச் சார் தந்திருந்த ஒரு நாள் மின் உற்பத்தி வரைபடக் கோட்டோடு அது ஒத்துவந்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து. மாதக்கணக்கில் ஒத்துவராத கோடு, நாளை கடைசி நாள் என்றிருக்க, இன்று உதியன்குளங்கரையில் சார் வீட்டுக் கணினியில் அப்படியே பொருந்திக் கிடந்தது. நடுப்பகலில் விழும் சின்னப் பள்ளம்கூட.

"எலே டிக்சா, நேரா சொல்லு. எங்க கை வச்ச?"

"ஒண்ணும் வைக்கல்ல சாரே. காத்து வேகத்தக் குடுத்தேன், கோடு தானா வந்துது."

"போன வாரம் ஏன்லே வரல்ல?"

"சாருக்க அளவு தப்பா இருக்காதுல்லா? அப்போ எனக்க மாடலுதான் தப்புன்னு மனசிலாச்சு. திருத்தினேன். அவ்வளவாக்கும்."

அவன் கண் இமைக்கவில்லை.

சாயா கொண்டுவந்த மனைவி அம்மிணி, "பாவம், காஞ்சிரங்குளத்துலேந்து பஸ்சு மாறி வருது பிள்ள. ஒப்புப் போட்டுக் குடுங்க" என்றாள்.

அந்தப் பள்ளம் எந்தக் கணக்கிலும் வராது என்று சொல்ல வாயெடுத்த ஜெயச்சந்திரன், பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார்.

அவர் ஆரல்வாய்மொழிக்குப் போனதே இல்லை. அந்தக் கோட்டை இதே மேசையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்திருந்தார். நடுப்பகல் பள்ளம், அன்று சாயா வைக்க வந்த அம்மிணி அவர் முழங்கையில் இடித்ததால் விழுந்தது.