பச்சைக் கதவு

“நான் சொல்றத அப்படியே அடிப்பீங்களா, அக்கா?” என்று சாட்சிக் கூண்டில் நின்ற ஒன்பது வயதுச் சிறுமி கேட்டு நான்கு வருடமாகிறது. “அப்படியேதான் கண்ணு” என்றிருந்தாள் தட்டச்சர். இப்போது மதிய இடைவேளை. வெறிச்சோடிய நீதிமன்றத்தில் மின்விசிறி கிறீச்சிடுகிறது. அந்தச் சிறுமியிடம் பாலியல் கொடுமை புரிந்தவனை விடுதலை செய்து காலையில் வந்த தீர்ப்பு மேசையில் கிடக்கிறது. தன்னை அடைத்து வைத்த அறையின் கதவைச் சாட்சியத்தில் ஓரிடத்தில் பச்சை என்றும் ஓரிடத்தில் நீலம் என்றும் சொல்வதால் அவள் பேச்சை நம்புவதற்கில்லையாம். தட்டச்சர் பழைய சுருக்கெழுத்து நோட்டை விரலால் தடவிப் பார்க்கிறாள். இரண்டு இடத்திலும் பச்சைதான். நீலம், தட்டச்சு செய்யும்போது அவள் கை செய்த பிழை. “சாப்பிடலையாம்மா? தீர்ப்ப மனப்பாடம் பண்ணா சம்பளம் கூடவா போகுது?” என்று எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார் டவாலி. “நீங்க போங்கண்ணே, வரேன்.” வராந்தா பெஞ்சில், தீர்ப்பின் நகலுக்காகக் காத்திருக்கும் தாயின் தோளில், இப்போது பதின்மூன்று வயதான அந்தச் சிறுமி முகம் புதைத்திருக்கிறாள். கடவுளே என்று முணுமுணுத்தபடி தட்டச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதுகிறாள்: “பிழை என்னுடையது. எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன்.” வேலை போய்விடலாம் என்று தெரிந்தேதான் கையெழுத்திடுகிறாள். தாளையும் நோட்டையும் அந்தத் தாய்க்கான நகலோடு உறைக்குள் வைத்து ஒட்டுகிறாள். பிறகு ஆளில்லாத கூண்டைப் பார்த்து மெல்லச் சொல்கிறாள், “அப்படியேதான் கண்ணு.”