சோலிமாரில் வீடு பார்த்தது

பக்கத்து வீட்டுக்காரி பைன் சருகுகளைக் கூட்டிக்கொண்டே வேலிக்கு மேலாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாமிலாவும் ரொசாராவும் அதைக் கவனிக்காதவர்கள் போல வீட்டைச் சுற்றி வந்தார்கள். தரகர் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். மழைக்கு ஒழுகாது என்றார். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், கடற்கரை அதைவிடக் கிட்ட, தெருவில் வீட்டுக்கு வீடு குழந்தைகள் என்றார்.

யாமிலாவுக்குத் தலைநகர் மொன்டெவிதேயோவில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் இப்போது இருக்கும் பைசாந்தூ ஊரைக் காலி செய்ய வேண்டும். நகரத்துக்குள் வேண்டாம், குழந்தை பயமில்லாமல் சைக்கிள் விடுகிற மாதிரி ஒரு பேட்டை போதும் என்று காலையிலிருந்து கடலோரமாகவே தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு தெருவிலும் காரைவிட்டு இறங்கியதும் ரொசாரா முதலில் பார்த்தது மனித முகங்களைத்தான்.

ஓரிடத்தில் ரொட்டிக் கடைக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னோரிடத்தில் ஒருத்தி அளவுக்கு மீறி அன்பு காட்டினாள். அதுவும் பிடிக்கவில்லை.

சோலிமார்ப் பேட்டையில் இந்த வீடு பிடித்திருந்தது. சமையலறையில் வெயில் விழுந்தது. பின்கட்டில் இறைச்சி சுடும் அடுப்பு இருந்தது. ஒன்பது வயது ஹிமேனா அதற்குள் தனக்கென்று ஓர் அறையைப் பிடித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே மூலிகைத் தேநீர்க் கோப்பையுமாக வேலியோரம் வந்தாள். அமைதியான தெரு, நாய்கள் குரைக்கும், கடிக்காது என்றாள். பிறகு, எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?”

யாமிலா வாயைத் திறந்தாள். ரொசாராவும் திறந்தாள். உள்ளிருந்து வந்த ஹிமேனா யாமிலாவைக் காட்டி முந்திக்கொண்டாள்.

“இல்ல. இவங்க எங்கம்மா. அவங்க அம்மாவோட பெரியம்மா பொண்ணு. அப்பா ஸ்பெயின்ல இருக்கார். அடுத்த வருஷம் வந்துடுவார்.”

ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. அப்பா என்று சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி உச்சுக் கொட்டினாள்.

பைசாந்தூவில் ஊருக்கு அவர்கள் பெரியம்மா பெண், சித்தி பெண்தான். தலைநகரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மோதிரங்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் திரும்பி வந்தவர்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தத் தெருவில் அவர்கள்தானே குடியிருக்க வேண்டும். ஹிமேனாவுக்குப் பேச்சு வந்ததுமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், பல் தேய்க்கக் கற்றுக் கொடுத்த மாதிரி.

ஸ்பெயினில் இருக்கும் அப்பாவை மட்டும் அவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

யாமிலா ரொசாராவைப் பார்த்தாள். ரொசாராவின் கை வேலிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

“இல்லங்க” என்றாள் ரொசாரா. “இவ என் பெண்டாட்டி. இது எங்க ரெண்டு பேரோட பொண்ணு. அப்படிச் சொல்லப் பழக்கினது நாங்கதான். புள்ள மேல தப்பில்ல.”

பக்கத்து வீட்டுக்காரி கோப்பையில் மிச்சமிருந்ததைக் கடைசிவரை உறிஞ்சினாள். அப்படியா என்றாள். உள்ளே போனாள். கதவு சத்தமில்லாமல் மூடியது. ஆனால் மூடியது.

தரகர் சாவிக்கொத்தில் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார்.

ஹிமேனாவின் முகம் சிவந்துவிட்டது. கத்தவில்லை. “என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, மணல் தெருவில் இறங்கிப் போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

ரொசாரா அவள் பின்னாலேயே போனாள். முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணாடியில் தெரிந்த மகளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இந்தத் தெரு இல்லை, நாளைக்கு வேறு பேட்டை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

யாமிலா தரகரிடம் பேசிவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினாள். வீட்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன் என்றாள்.

அந்தப் பொம்பளை கதவைச் சாத்தியதைப் பார்க்கவில்லையா என்று ரொசாரா கேட்டாள்.

“பாத்தேன். பொழுது சாயறதுக்குள்ள தெரு பூரா சொல்லிடுவா. நமக்கு வேலை மிச்சம்.”

பைன் மரங்கள் முடிந்து நெடுஞ்சாலை வந்தது.

பிறகு ரொசாரா திரும்பினாள். திட்டுகிற குரலில் இல்லாமல், ஊருக்குப் போனவரை விசாரிப்பது போல, ஸ்பெயினில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

ஹிமேனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொத்தனார் என்றாள். வீடு கட்டுகிறார். நமக்குத்தான். மாடி உண்டு. மாடியில் தனக்கு ஓர் அறை. கீழே பெரிய அறை உங்கள் இரண்டு பேருக்கும், அதில் ஜன்னலுக்குத் திரை போட வேண்டியதில்லை. எல்லாம் அவரிடம் சொல்லியாகிவிட்டது.

யாமிலா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் எங்கே படுத்துக்கொள்வார் என்று கேட்டாள்.

“அவருக்கு அங்க ரூம் கிடையாது” என்றாள் ஹிமேனா. “கட்டி முடிச்சதும் அவர் போயிடுவார்.”