மீட்டரும் வலது காதும்

பாதி கட்டிய அறையில் வெயிலோடு கல்தூசியும் மிதக்கிறது. கல் அறுப்பவரின் மெஷின் வீறிட, சத்தம் அளக்க வந்த பெண் வாசற்படியில் நின்றபடியே மீட்டரை நீட்டுகிறாள்; தொண்ணூற்று மூன்று டெசிபல். "பரவாயில்லையே" என்று சூப்பர்வைசர் முந்திக்கொள்கிறார். அறுப்பவர் மெஷினை நிறுத்துகிறார். "ஏம்மா, மீட்டர் வாசல்ல நிக்குது, என் காது இங்கதானே இருக்கு? இடது காது ஏற்கெனவே போச்சு. பேத்தி இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா, வலதை விடமாட்டேன்." நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் வந்து, அவருடைய வலது தோளருகே மீட்டரைப் பிடிக்கிறாள், நூற்று ஆறு. மழுங்கிய பிளேடைக் கழற்றி அவர் புதியதை மாட்டுகிறார். கல்லுக்கு அடியில் அவள் கனத்த ரப்பர் பாயை விரிக்கிறாள். மெஷின் மறுபடி சுழல்கிறது, தொண்ணூற்றாறு. "பத்து குறையறதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்கிறார் சூப்பர்வைசர். "பத்து குறைஞ்சா காதுக்குப் பாதி சத்தம், சார். மிச்சத்துக்கு இது" என்று அவள் அறுப்பவரின் தலையில் காதுமூடியை மாட்டுகிறாள். "நல்லதாப் போச்சு, இனி சார் திட்டுறதும் விழாது" என்று அவர் கண்ணடிக்கிறார். கல்மேல் பிளேடு இறங்குகிறது. சூப்பர்வைசர் ஏதோ கத்துகிறார், யாருக்கும் கேட்கவில்லை. பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, எனக்கும் ஒன்று என்பதுபோல் அவளிடம் கை நீட்டுகிறார்.