நாலு நகத் தழும்பு

"எனக்குச் சண்டையெல்லாம் வேண்டாம், அண்ணே. யாராவது கையைப் பிடிச்சா விடுவிச்சுக்கணும். அது போதும்."

சிலம்ப வாத்தியார் ஹமீது கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்திருந்த பெண்ணைப் பார்த்தான். தருமபுரத்துக் கல்யாணசுந்தரி என்று சொல்லிக்கொண்டாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் குடை, தோள்பை. பள்ளிக்கூடத்து டீச்சர் போலிருக்கிறது என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான். முடிவுகட்டுவதில் ஹமீதுக்கு எப்போதுமே அவசரம்தான்.

"யாரு தங்கச்சி பிடிச்சது?"

அவள் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டில் வரிசையாக நாலு நகத் தழும்பு. ஒவ்வொன்றும் ஆழமாகப் பதிந்து, கறுத்துப் போயிருந்தது.

ஹமீதுக்கு ரத்தம் கொதித்தது. "எந்தப் பாவி இப்படிப் பண்ணினான்? பிரெஞ்சுக்காரன் போயும் சாராயக்கடை போகல பாரு! எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, குடிக்கிற கூட்டம் பூரா இங்கே வந்து விழுது."

"குடியெல்லாம் இல்லண்ணே. அந்த நேரத்துல அவங்களுக்குத் தன் நினைப்பே இருக்காது."

"அதைத்தானே நானும் சொல்றேன்! எத்தனை பேரு?"

"இதுவரைக்கும் முப்பது பேராவது பிடிச்சிருப்பாங்க."

ஹமீது அப்படியே உட்கார்ந்துவிட்டான். "முப்பது பேரா! சரி, சிலம்பம் கத்துக்க. ரெண்டே மாசத்துல பத்துப் பேரை நிறுத்தலாம்."

"அங்கே கம்பு கொண்டுபோக முடியாதே."

"அப்ப குத்துச்சண்டை. சைகோன் பட்டாளத்துல சிப்பாயா இருந்து வந்த சொல்தா ஒருத்தர் எனக்குக் காட்டியிருக்கார். மூக்கைப் பார்த்து ஒரே குத்து."

"ஐயையோ! அவங்களை அடிக்கக் கூடாதுண்ணே!"

"அடிக்கவும் கூடாதா? ஓடியாவது வந்துடேன்."

"நான் ஓடிட்டா வேலையை யார் பாக்கிறது?"

இப்படி ஒரு மாணவியை ஹமீது பார்த்ததே இல்லை. அவளுக்கும் அவன் முழிப்பது தெரிந்தது. கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள்.

"எனக்கு அவங்க மேல கோபமே வராதுண்ணே. எல்லாம் முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. 'நல்லா இரு'ன்னு வாழ்த்துவாங்க. ஆனா போன தடவை இந்தக் கை மாட்டிக்கிட்டு வரவே இல்ல. மணிக்கட்டு பிசகிப்போச்சு. இன்னும் ஒரு நிமிஷம் ஆகியிருந்தா ஒரு உசுரு போயிருக்கும். அதுலேருந்து கூப்பிட்டா போறதுக்கே நடுங்குது. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு."

"நீ ஏம்மா விடணும்?" ஹமீது துள்ளி எழுந்தான். "உனக்கு வேண்டியது குஸ்தியில இருக்கு. ஒரே ஒரு பிடிவிலக்கு. பிடிக்கிறவங்களுக்கும் வலிக்காது, உன் கையும் வந்துடும். ஆனா ஒண்ணு, அந்த ஆளு யாருன்னு மட்டும் சொல்லு. பிடிச்ச கையை ஒடிக்காம விடமாட்டேன்!"

"வேண்டாம்ணே. கத்துக் கொடுத்தீங்கன்னா அதுவே பெரிய உபகாரம். ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்."

ஹமீது தன் இடது கையை வலது கையால் பிடித்துக் காட்டினான். "நாலு விரலும் ஒரு பக்கம் சேர்ந்திருக்கும். கட்டைவிரல் மட்டும் தனி. பிடியில இளக்கமான இடம் அதுதான். பதறி இழுக்காதே. முழங்கையை மடக்கி, கட்டைவிரல் பக்கமா கையைத் திருப்பு. பார்த்தியா, வந்துடுச்சு!"

கல்யாணசுந்தரி காற்றிலேயே செய்து பார்த்தாள். சரியாக வரவில்லை.

"யாராவது நிசமா பிடிச்சாத்தான் வரும்," என்றான் ஹமீது. அந்நியப் பெண்ணை அவன் தொடமாட்டான். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "சுல்தான்! கொஞ்சம் வந்துட்டுப் போ."

அவன் மனைவி சுல்தான் பீவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். பட்டினத்தில் தாய்வீட்டில் பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழிந்து, கைக்குழந்தையோடு திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. வந்தவள் கல்யாணசுந்தரியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தத் தங்கச்சி கையைப் பிடி."

"நான் எதுக்குங்க? வேற யாரையாவது..."

"அட, பிடின்னா! பலமாப் பிடி. எவனோ ஒரு மிருகம் பிடிச்ச மாதிரி."

சுல்தான் பீவி தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். கல்யாணசுந்தரி புன்னகையோடு தலையசைத்தாள். சுல்தான் பீவி கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பிடித்தாள்.

"இப்ப கட்டைவிரல் பக்கமா..." என்று ஆரம்பித்த ஹமீது பாதியில் நிறுத்தினான். மனைவியின் நாலு நகங்களும் அந்த நாலு தழும்புகளின் மேல் அளவெடுத்தது போல உட்கார்ந்திருந்தன. தழும்பைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"என்ன சுல்தான் இது?"

"ஒடிக்கப்போறேன்னு சொன்ன கை இதுதாங்க," என்றாள் சுல்தான் பீவி. கண்ணீர் வழிந்தது. "நோவு தாங்காம அன்னிக்கு நான்தான் இவங்களைப் பிடிச்சேன், விடவே இல்ல. கழுத்துல கொடி சுத்தியிருந்த நம்ம புள்ளையை மிச்சமிருந்த ஒத்தைக் கையாலயே உசுரோட எடுத்துக் கொடுத்தாங்க. ஒவ்வொரு தொழுகையிலயும் முகம் தெரியாத ஒரு மருத்துவச்சிக்காக துஆ கேக்கறீங்களே, அவங்க இவங்கதான்!"