பர்ஸானின் கை

"ஒருத்தரும் கதைக்காதீங்க. அந்தச் சத்தத்தக் கேளுங்க."

மேசையில் கிடந்த வானொலி திடீரென்று கீச்சிடத் தொடங்கியிருந்தது. கிருஷாந்தன் சொல்லிக்கொண்டே தேநீரை வைத்துவிட்டு ஒலியைக் கூட்டினான். காரைதீவில் அவன் வீட்டு மேல்மாடிதான் அமெச்சூர் வானொலிக் கழகத்தின் அறை. தூர தேசத்து நிலையங்களை எட்டிப் பிடிப்பதுதான் அங்கே வருகிறவர்களின் பைத்தியம்.

கழகத்தில் எல்லோரும் அண்ணனாக மதித்துக் காக்கா என்று கூப்பிடும் சாஜித் காதைக் கொடுத்தார். மோர்ஸ் தந்திக் குறி. குட்டையும் நெட்டையுமாக ஓடிவந்த ஒலிகளில், ஒவ்வொரு சொல்லின் கடைசி ஒலியும் கொஞ்சம் இழுபட்டு, நிற்க மனமில்லாதது போல நின்றது.

அவர் வானொலிப் பக்கம் குனிந்தார்.

"இது பர்ஸான்ட கை."

"அழைப்புக்குறியும் அவர்டதான் காக்கா. ஜப்பான்காரன் ஒருத்தன் மறுமொழி குடுக்கான்."

மோர்ஸ் தட்டுவதும் கையெழுத்துப் போலத்தான். ஆளுக்கு ஆள் மாறும். பர்ஸானின் தட்டலைக் கடல் கடந்தும் அறிவார்கள். இந்தக் கரையோரத்தில் அவரளவுக்கு வானொலியில் நாடுகளைப் பிடித்தவர் வேறு யாருமில்லை. ஆனால் பர்ஸான் போன மாதம் மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் சாஜித்தும் ஒருவர்.

"ஆரோ பகிடி விடுறானுகள்" என்றார் சாஜித்.

"எப்படி காக்கா? கிளப்புல ஒருக்காத் தட்டிக் காட்டுங்க எண்டு எத்தின தரம் கெஞ்சியிருப்பம். வீட்டுக் கதிரையிலதான் கை வருமெண்டு சிரிச்சுப் போட்டுப் போயிருவாரு. அந்தக் கையப் பாத்துப் படிக்க ஆருக்குக் குடுத்து வச்ச?"

"ஆரெண்டாலும் இண்டைக்கே பிடிக்கணும். மவுத்தானவர்ட பேருல ஒலிபரப்புறது தெரியவந்தா கிளப்புட லைசென்ஸ வெட்டிருவானுகள். மறுகா நாம எல்லாரும் வாயப் பொத்திட்டு இரிக்க வேண்டியதான்."

தூரத்துச் சத்தம் அலை போல ஏறி இறங்கும். இது இறங்கவே இல்லை; அப்படியானால் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கிருஷாந்தன் கூரை ஏரியலை மெல்லத் திருப்பினான். கல்முனைக்குடிப் பக்கம் திரும்பியதும் சத்தம் அறையை நிறைத்தது.

"காக்கா, அது அவர்ட வீட்டுப் பக்கம்."

சாஜித் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

கதவைத் திறந்தவள் பர்ஸானின் தங்கை சித்தி லைலா.

"மச்சி இத்தாவுல இரிக்கா. வாசலோட நிண்டு கதைங்க காக்கா."

சாஜித்துக்குத் தெரியும். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாக் காலம் முடியும்வரை பர்ஸானின் மனைவி நஸ்லா அந்நிய ஆண்களின் முன்னால் வரமாட்டாள்.

"ரேடியோ அறையில ஆரு இரிக்கிற?"

"ஊட்டுக்குள்ள ஆம்பிளயள் ஒருத்தரும் இல்ல. அந்த அறையிலதான் மச்சி இரிக்கா. அந்தப் பெட்டியள்ள அவவுக்கு என்ன விளங்கப்போகுது?"

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் கீச்சொலி கேட்டது. குட்டை, நெட்டை, குட்டை. கடைசி ஒலி இழுபட்டு நின்றது.

சாஜித்தின் உதடுகள் தம்பாட்டில் ஓதத் தொடங்கின.

"பர்ஸான்?"

தட்டல் நின்றது. திரை அசையவில்லை.

"நான்தான் காக்கா" என்றது நஸ்லாவின் குரல். "ஜப்பான்காரனுக்கு சலாம் சொல்லிட்டு இருந்தன்."

சாஜித் வாசலோடு நின்றபடியே குரலை உயர்த்தினார்.

"தங்கச்சி, பர்ஸான்ட கை உங்களுக்கு எப்புடி வந்த?"

உள்ளே கதிரை ஒன்று கிரீச்சிட்டது.

"அவருக்கு மோர்ஸ் தெரியாது, காக்கா."