இந்தச் சகோதரியின் வீட்டுக்காரர்

வரிசையில் முன்னால் நின்ற முழங்கால்வலிக்காரி திரும்பிப் பார்த்தாள். "முதல் தடவையா வர்றீங்க?"

அவள் தலையாட்டினாள். முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. ஐயா பொறுமையா கேப்பாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி இல்ல. இவரு கூட இருக்கிறவங்க கொடுத்துவெச்சவங்க."

"இருக்கும்" என்றாள் அவள்.

வாடகை மண்டபம். கூட்டம் முடிந்து, ஜெபத்துக்கு நின்ற வரிசை நாற்காலிகளைச் சுற்றி வாசல்வரை வளைந்திருந்தது. கீபோர்டுக்காரர் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி நடுநடுவே கரகரத்தது.

இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இந்தப் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதுவே பெரிய தைரியமாக இருந்தது.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நல்ல வார்த்தையும்தான்.

மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் ரேடியோதான். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவளும் பதிலுக்கு வணக்கம் சொல்வாள்.

ஒருநாள் வாஷிங் மெஷினைப் பார்த்து, "போதும், நிறுத்து" என்றாள். அது நின்றது. சொன்ன பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்த மாதிரி அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் அதை நினைத்து அழுகை வந்தது.

சண்டை பிடித்தும் பார்த்திருக்கிறாள். அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டைக் கொடியில் ஒழுங்காக உலர்த்திவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. முழங்கால்வலிக்காரி அழுதுகொண்டே போய், சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

ஓடிவிடலாமா என்று தோன்றியது. பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

போதகர் கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மிப்போயிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கையை அவள் தலையில் வைத்து, அவள் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.

"சொல்லுங்கம்மா. என்ன கஷ்டம்?"

அப்படி யாரும் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. வழியெல்லாம் யோசித்து வைத்தது மறந்துபோயிற்று.

"என் வீட்டுக்காரர் என்கூட பேசுறதே இல்லீங்கய்யா."

அந்தக் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

போதகர் ஜெபித்தார். மனப்பாடமாக அல்ல. இந்தச் சகோதரியின் வீட்டுக்காரருக்கு வாயைத் திறந்துகொடும் ஆண்டவரே என்றார். பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிற கண்ணைக் கொடும் என்றார். ஊருக்கெல்லாம் நல்லவனாக இருந்து என்ன பிரயோஜனம் என்றார். சொல்லச் சொல்ல மூடிய கண்ணிலிருந்து நிஜமாகவே கண்ணீர் இறங்கியது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தலைமேல் இருந்த கை சூடாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"ஆமென்" என்றார். கை அடுத்த தலைக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் முக்காட்டுத் துணியை மடித்து அலமாரியில் வைத்தாள். காலையில் சமைத்து வைத்ததைச் சூடாக்கினாள். பசி இல்லை. ஆனாலும் அவருக்குத் தட்டு எடுத்து வைக்க வேண்டும்.

வாசலில் கார் வந்து நின்றது.

வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். வேதாகமத்தை மேசை ஓரத்தில் வைத்தார். காலையிலிருந்து எத்தனையோ பேர் தலையில் வைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வந்து உட்கார்ந்தார்.

எப்போதும் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். எங்கேயோ ஒரு குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே தட்டு காலியாகும். இன்றைக்குப் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டார். கை நின்றது.

"இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க" என்றார், தட்டைப் பார்த்தபடியே. "புருஷன் பேசுறதே இல்லையாம். மனசே ஆறல. என்ன ஜென்மமோ அவன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை.

"பேசிட்டார்" என்றாள்.

"யாரு?"

"அந்த அம்மாவோட வீட்டுக்காரர். இப்பதான் பேசினார்."

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கண் திறந்திருந்தது.

குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் கூட்டமாக மனிதர்களைக் கட்டிப்போடுகிற வாய் அவருடையது. ஒரு வார்த்தைக்காகத் தடவிக்கொண்டிருந்தது.

பிறகு எழுந்துபோய், அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரில் வைத்தார்.

"பஸ்லயா வந்தே?" என்று கேட்டார்.