மூணு பந்தி, ஒரே லிஸ்ட்

“எல்லாருக்கும் முதல் பந்தியா? இதுக்குத்தான் கம்ப்யூட்டர் படிச்சியா?”

காலனித் தமிழ்ச் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி போட்ட சத்தத்தில் சாம்பார் வாளியோடு போனவர்கூட நின்றுவிட்டார்.

டில்லி லக்ஷ்மிபாய் நகரில் பொங்கல் விருந்து. அதிகாரிகளுக்கு முதல் பந்தி, கிளார்க்குகளுக்கு இரண்டாவது, டிரைவர், பியூன் வகையறாவுக்கு மூன்றாவது என்று சட்டம் போட்டவர் அவர்தான். ரிடையராகிப் பத்து வருஷமாகியும் ஃபைல் புத்தி போகவில்லை. உறுப்பினர் பட்டியலைப் பதவிவாரியாகப் பிரித்து, அவரவர் போனுக்கு டோக்கன் அனுப்பும் வேலை காலனிப் பெண் ஜ்யோத்ஸ்னாவுடையது.

எல்லார் போனிலும் மூன்று டோக்கனும் வந்துவிட்டது. பசித்தவன் எவன் மூன்றாவதற்குக் காத்திருப்பான்? பன்னிரண்டு மணிக்கே மொத்தக் காலனியும் உள்ளே. இடம் போதாமல் புல்தரையில் ஜமக்காளம் விரித்தார்கள். ஒரு ஜாயிண்ட் செக்ரட்டரி பக்கத்து இலைப் பியூனுக்கு அப்பளம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“கல்தி ஹோ கயி அங்கிள், தப்பாயிடுச்சு,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. “மூணு பந்திக்கு மூணு தனி லிஸ்ட் போடணும். நான் ஒரே லிஸ்டுக்கு மூணு பெயர் வச்சுட்டேன். எதுல ஒருத்தரைச் சேர்த்தாலும் மூணுலயும் சேர்ந்துடும். பைத்தான் ப்ரோக்ராம்ல இதுக்கு ரெஃபரன்ஸ்னு...”

“ஒரே வீட்டு வாசல்ல மூணு போர்டு மாட்டினியாக்கும்?”

பொருளாளர் சுப்பு குறுக்கே வந்தார். “விடுங்க சார். காலேஜ்ல இதையே பாடமா நடத்தற பொண்ணு. ஏதோ அவசரத்துல...”

“நடத்தறவளுக்கே தெரியலைன்னா படிக்கறவன் கதி? சரியான லிஸ்டை இப்பவே எனக்கு அனுப்பு. சாயங்காலம் கமிட்டியில வச்சு, சங்க வேலைக்கு நீ வேண்டாம்னு எழுதிடறேன்.”

ஜ்யோத்ஸ்னா போனை எடுத்தாள்.

கை கழுவிக்கொண்டு கலியன் வந்தார். தட்சிணாமூர்த்தியின் புதுச் சம்பந்தி. அடுத்த மாதம் செயலாளர் மகளுக்கும் கலியன் பையனுக்கும் நிச்சயதார்த்தம் என்று காலனி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மனிதருக்கு வாயெல்லாம் பல்.

“சம்பந்தி, ஜாயிண்ட் செக்ரட்டரிக்குப் பக்கத்துல எனக்கு இலை போட்டுட்டீங்க. எங்க ஆளுங்க எல்லாரும் பார்த்தாங்க. இந்த மரியாதையை மறக்க மாட்டேன்.”

“பின்னே, சம்பந்தியாச்சே,” என்றார் செயலாளர், கொஞ்சமும் கூசாமல். “நான்தான் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.”

போன் சிணுங்கியது. சரியான லிஸ்ட்.

மூன்றாவது பந்தி. முதல் பெயர்: கலியன், டிரைவர், ஓய்வு.

டில்லியின் ஜனவரிக் குளிரிலும் தட்சிணாமூர்த்திக்கு வியர்த்துவிட்டது. சம்பந்தி கண்ணில் படுவதற்குள் போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஜ்யோத்ஸ்னாவிடம் ஓடினார்.

“ஏம்மா, இந்த லிஸ்ட் வேற யாருக்காவது போச்சா?”

“இல்ல அங்கிள். அது நேத்திக்கே ரெடி. மூணாவது பந்தியில முதல் பேரைப் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் தப்புப் பண்ணேன்.”